35 நிமிட விமானமும் மூன்று குரல்களும்

அமெரிக்காவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். ஒரு நீதிபதியிடம் நேர்காணல் முடித்துவிட்டு, அடுத்த நீதிபதியைப் பார்க்க வேறு ஊருக்கு விமானம் ஏறினார். இறங்கிக் கைபேசியைப் பார்த்தால், பதிவான குரல் செய்திகள் மூன்று. மூன்றும் ஒரே நீதிபதியிடமிருந்து வந்தவை. முதல் செய்தி: உங்களுக்கு வேலை தருகிறேன். இரண்டாவது: சீக்கிரம் பதில் சொல்லுங்கள். மூன்றாவது: வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அந்த விமானம் வானில் இருந்த நேரம் 35 நிமிடம்தான்.

கிறிஸ்டோபர் ஏவரி, கிறிஸ்டீன் ஜோல்ஸ், ரிச்சர்ட் போஸ்னர், ஆல்வின் ராத் ஆகிய நான்கு அறிஞர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இந்த அனுபவம் பதிவாகியிருக்கிறது. இவர்களில் போஸ்னர், சிகாகோவில் பணியாற்றிய கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதி. ராத், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர். ஒரு மாணவர் ஓராண்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் சின்ன விஷயத்துக்குள் இவ்வளவு பெரியவர்கள் ஏன் தலையை நுழைத்தார்கள்? அதற்குள் ஒரு புதிர் இருந்தது. நல்லவர்களும் படித்தவர்களும் மட்டுமே கூடியிருக்கும் ஒரு சந்தை, யாரும் விரும்பாத ஓர் இடத்துக்கு எப்படித் தானாக நகர்ந்துபோகிறது என்ற புதிர்.

முதலில் வேலையைப் பார்ப்போம். 'லா கிளார்க்' என்றதும் நமக்கு வக்கீல் குமாஸ்தா நினைவுக்கு வருவார். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடப்பவர். எந்த வழக்கு எந்த ஹாலில், வாய்தா எப்போது என்று விரல் நுனியில் வைத்திருப்பவர். அந்த உழைப்பு வேறு. இங்கே பேசுவது நீதிபதியின் அறைக்குள் உட்காரும் இளம் சட்டப் பட்டதாரியைப் பற்றி. வழக்குக் கட்டு முழுவதையும் படித்து, இரு தரப்பு வாதங்களையும் சுருக்கி, எந்த முன்தீர்ப்பு பொருந்தும், எது பொருந்தாது என்று நீதிபதிக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பவர் அவர். பல நீதிபதிகளிடம் தீர்ப்பின் முதல் வரைவும் அவர் கையில்தான் உருவாகும். ஒரு வரி மேற்கோள் சரியா என்று பார்க்க நாற்பது பக்கத் தீர்ப்பைப் படிப்பார். அந்த வரி அதே வாக்கியத்தில் அதே பொருளில்தான் வருகிறதா, அடுத்த பத்தியில் நீதிபதி அதற்கு விலக்கு ஏதும் சொல்லியிருக்கிறாரா, பிறகு வந்த தீர்ப்பு எதுவும் அதை ரத்து செய்துவிட்டதா என்று பார்த்த பிறகே பேனாவை எடுப்பார். பெரும்பாலும் ஓராண்டு வேலை, சிலருக்கு இரண்டாண்டு.

இதைத் தொடங்கிவைத்தவர் ஹொரேஸ் கிரே. மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே ஹார்வர்டு சட்டப் பட்டதாரிகளை உதவிக்கு வைத்துக்கொண்டவர், 1882இல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார். சம்பளம் அவருடைய சொந்தப் பணம். 1886இல்தான் நீதிபதிக்கு ஓர் உதவியாளர் என்று ஆண்டுக்கு 1,600 டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது. கிரேக்கு ஆள் பார்த்துக் கொடுத்தவர் அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர், ஹார்வர்டு பேராசிரியர் ஜான் சிப்மன் கிரே. மாசசூசெட்ஸ் காலத்தில் அப்படிக் கிரேயிடம் வேலை பார்த்த ஓர் இளைஞர் லூயிஸ் பிராண்டைஸ். 1916இல் அவரே உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

ஆக, இந்த வேலையின் வேரிலேயே ஓர் ஆசிரியரின் வாய்ச்சொல் இருக்கிறது. அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. 1959இல் கொலம்பியா சட்டக் கல்லூரியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு வெளியே வந்தார் ரூத் பேடர் கின்ஸ்பர்க். பெண், அதிலும் ஒரு சிறு மகளுக்குத் தாய் என்று நீதிபதிகள் தயங்கினார்கள். உச்ச நீதிமன்றத்தின் ஃபிராங்க்ஃபர்ட்டர் அவரை ஏற்கவில்லை. அவருடைய பேராசிரியர் ஜெரால்டு குந்தர் நியூயார்க்கின் மாவட்ட நீதிபதி எட்மண்டு பால்மியேரியிடம், இவரை எடுக்காவிட்டால் இனி எங்கள் கல்லூரியிலிருந்து உங்களுக்கு ஒருவரையும் பரிந்துரைக்க மாட்டேன் என்று அழுத்திச் சொன்னார். வேலை கிடைத்தது. 1993இல் கின்ஸ்பர்க் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். ஒரே வாய்ச்சொல் ஒருவருக்குக் கதவைத் திறக்கிறது. அப்படிச் சொல்ல ஆள் இல்லாதவருக்குக் கதவு இருப்பதே தெரிவதில்லை.

இந்த ஓராண்டுக்கு ஏன் இவ்வளவு போட்டி? இன்றைய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளில் 6 பேர் அதே நீதிமன்றத்தில் லா கிளார்க்காக இருந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்தில் வந்த ஸ்ரீ சீனிவாசன், மேல்முறையீட்டு நீதிபதி வில்கின்சனிடமும் பிறகு உச்ச நீதிமன்றத்தின் சாண்ட்ரா டே ஓ'கானரிடமும் லா கிளார்க்காக இருந்தார். 2020இல் வாஷிங்டன் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். அந்த நாட்டில் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தலைமையேற்ற முதல் தெற்காசிய வம்சாவளியினர் அவர்தான்.

இனிப் புதிருக்கு வருவோம்.

தீபாவளிக்கு முந்தின நாள் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? பேருந்து நிற்கும் முன்னே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். முதலில் ஒருவர்தான் போட்டார். அதைப் பார்த்தவர்கள் அடுத்த முறை பேருந்து நிலையத்துக்குள் திரும்பும் வளைவிலேயே போய் நின்றார்கள். அதற்கடுத்த முறை வளைவுக்கு வெளியே சாலையில். கடைசியில் பணிமனை வாசலுக்கே போய்விட்டார்கள். இருக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. எல்லாருக்கும் நடை மட்டும் மிச்சம். இன்னொரு நஷ்டமும் உண்டு. ஓடுகிற வண்டியில் துண்டு போடும்போது எந்த இருக்கை என்று பார்த்துப் போட முடியாது. சக்கரத்துக்கு மேலே இருக்கிற இருக்கையோ, கண்ணாடி உடைந்த ஜன்னலோ, விழுந்த இடம் விழுந்ததுதான். இதில் யாரும் கெட்டவர் இல்லை. பக்கத்து ஆள் ஓடும்போது நான் மட்டும் நின்றால் எனக்கு இடம் கிடைக்காது, அவ்வளவுதான்.

அமெரிக்க நீதிபதிகளும் இதைத்தான் செய்தார்கள். அங்கே சட்டப் படிப்பு மூன்றாண்டு. மூன்றாமாண்டு முடித்த பிறகு வேலையில் சேருகிறவரை மூன்றாமாண்டில் தேர்ந்தெடுப்பதுதான் இயல்பு. ஆனால் பக்கத்து நீதிபதி ஒரு மாதம் முந்திக்கொண்டால் நல்ல மாணவர்கள் அங்கே போய்விடுவார்கள். இவர் இரண்டு மாதம் முந்துவார். இப்படியே நகர்ந்து 1990களின் இறுதியில், வேலையில் சேர ஒன்றரை ஆண்டுக்கும் மேல் இருக்கும்போதே, இரண்டாமாண்டின் நடுவில் இருக்கும் மாணவர்களைப் பிடித்துவைக்கும் நிலை வந்தது. கையில் இருந்ததெல்லாம் முதலாண்டு மதிப்பெண்தான். எந்தச் சட்டத்தில் இவருக்கு ஆர்வம், எழுத்து எப்படி வளர்ந்திருக்கிறது என்று எதுவும் தெரியாத வேளை. முதலாண்டில் தடுமாறி இரண்டாமாண்டில் மலர்கிற மாணவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் பெரும்பாலும் அந்த வகைதான் என்பது என் எண்ணம். சட்டப் பரீட்சை எப்படி எழுதுவது என்ற சூட்சுமமே அவர்களுக்கு முதலாண்டு முடிவில்தான் பிடிபடும். அதற்குள் பேருந்து போய்விடுகிறது.

பொருளியலில் இந்த முன்நகர்வை 'அவிழ்தல்' என்று சொல்லலாம். பின்னலில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடுவது போல.

தேதி குறித்தால் தீராதா? பல முறை குறித்துப் பார்த்தார்கள். 1990இல் மே 1ஆம் தேதி நண்பகல் 12 மணிக்கு முன்பு யாரும் வேலை தரக் கூடாது என்று ஒப்பந்தம் செய்தார்கள். நிலைக்கவில்லை. 1994இல் நீதிபதிகள் எட்வர்டு பெக்கர், ஸ்டீபன் பிரையர், யேல் சட்டக் கல்லூரியின் கிடோ கலாப்ரேசி மூவரும் சேர்ந்து, மார்ச் 1க்கு முன் நேர்காணலே வேண்டாம் என்று ஒரு கட்டுரையில் வாதாடினார்கள். அதுவும் சில ஆண்டுகளில் கரைந்தது. 2003இலிருந்து மூன்றாமாண்டு செப்டம்பர் வரை காத்திருப்பது என்ற திட்டம் ஓரளவு தாக்குப்பிடித்தது. நம் விமானப் பயணி அந்தக் காலத்தவர்தான். தேதி காப்பாற்றப்பட்டபோது நடந்தது இதுதான்: மாதக் கணக்கில் பரவியிருந்த அவசரம் முழுவதும் சில நாட்களுக்குள் அடைபட்டது. எல்லா நீதிபதிகளும் ஒரே வாரத்தில் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொருவரும் உடனே பதில் கேட்கிறார்கள். தாமதித்தால் அழைப்பு கையிலேயே வெடித்துவிடும். 2013 ஜனவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இனி இந்தத் தேதிக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று அறிவித்தது. அதோடு திட்டம் குலைந்தது.

இதே நோய் இன்னொரு துறைக்கு முன்பே வந்து குணமாகியிருக்கிறது என்பதுதான் ராத்தின் கண்ணில் பட்ட ஆச்சரியம். அமெரிக்க மருத்துவமனைகள் பயிற்சி மருத்துவர்களைப் பிடிக்க இதே போல ஓடின. 1944 வாக்கில், படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே மாணவர்களை எடுத்துவிட்டார்கள். 1945இல் மருத்துவக் கல்லூரிகள் ஒன்றுசேர்ந்து, குறித்த தேதி வரை மாணவர்களின் விவரங்களை வெளியே தர மாட்டோம் என்றன. தேதி நின்றது; அவசரம் இடம் மாறியது. பதில் சொல்ல முதலில் 10 நாள் அவகாசம் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி 1949இல் 12 மணி நேரம் என்று பேசினார்கள். அதுவே அதிகம் என்றது மருத்துவமனைகளின் தரப்பு. நீதிபதிகளின் கதையை ஐம்பதாண்டு முன்பே ஒத்திகை பார்த்தது போல் இருக்கிறது.

அவர்கள் கண்ட மருந்து, யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம் என்பது. மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுப்பார்கள். மருத்துவமனைகள் மாணவர்களை வரிசைப்படுத்தும். ஒரு மையம் இரண்டையும் வைத்துக்கொண்டு இணைத்துக் கொடுக்கும். 1952இல் அது நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டு கழித்து, 1962இல், டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள், மருத்துவமனைகளின் ஏற்பாட்டை அறியாமலே, அதே கருத்தைத் தனியாக நிரூபித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் திருமணம். ஊர் முழுவதும் மணமாகாத பெண்களும் ஆண்களும் இருக்கிறார்கள். இணைத்துவைத்த பிறகு எந்தப் பெண்ணும் ஆணும் தம் துணைகளை விட்டு ஒருவரோடொருவர் ஓட விரும்பாதபடி இணைக்க முடியுமா? எப்போதும் முடியும் என்பது அவர்களின் விடை.

அந்த விடையின் அழகை லா கிளார்க் வேலையை வைத்தே பார்க்கலாம். பாஸ்டனில் ஒரு நீதிபதி, சிகாகோவில் ஒரு நீதிபதி. இருவரிடமும் ஒவ்வோர் இடம். மேரி, பீட்டர், ஜூலி என்று மூன்று மாணவர்கள். மேரிக்கும் பீட்டருக்கும் பாஸ்டன்தான் முதல் விருப்பம், அடுத்தது சிகாகோ. ஜூலிக்குச் சிகாகோ முதல், பாஸ்டன் அடுத்தது. பாஸ்டன் நீதிபதியின் வரிசை பீட்டர், ஜூலி, மேரி. சிகாகோ நீதிபதியின் வரிசை மேரி, பீட்டர், ஜூலி.

ஒவ்வொருவரும் முதல் விருப்பத்தின் கதவைத் தட்டுகிறார்கள். பாஸ்டன் வாசலில் மேரியும் பீட்டரும். நீதிபதி பீட்டரை உள்ளே உட்காரவைக்கிறார், மேரிக்கு இல்லை என்கிறார். கவனியுங்கள்: உட்காரவைத்தார், வேலை தந்துவிடவில்லை. சிகாகோ வாசலில் ஜூலி மட்டும், அவரும் உட்காருகிறார். இப்போது மேரி தன் இரண்டாம் விருப்பமான சிகாகோவுக்கு வருகிறார். அந்த நீதிபதிக்கு ஜூலியைவிட மேரியே மேல். ஜூலி எழுந்துகொள்ள, மேரி உட்காருகிறார். ஜூலி பாஸ்டனுக்குப் போகிறார்; அங்கே பீட்டர் இருக்கிறார், நீதிபதிக்கு அவர்தான் மேல். தட்டக் கதவு இல்லை. அதற்குப் பிறகுதான் முத்திரை: பீட்டருக்குப் பாஸ்டன், மேரிக்குச் சிகாகோ.

இந்த முடிவை யாரும் குலைக்க முடியாது. மேரிக்குப் பாஸ்டன் ஆசை இருக்கலாம். ஆனால் பாஸ்டன் அவரைப் பார்த்துவிட்டுத்தான் பீட்டரை வைத்துக்கொண்டது. ஜூலி சிகாகோவை நினைத்து ஏங்கலாம். சிகாகோ மேரியை விட்டு இறங்காது. இரண்டு பேர் ரகசியமாகப் பேசிக் கைகோத்துக்கொள்ள வழியே இல்லை. முந்தியடிப்பதிலும் லாபம் இல்லை, ஏனென்றால் முதலில் வந்தவருக்கு என்று எந்தச் சலுகையும் கிடையாது. பின்னால் வந்த மேரிதான் ஜூலியை எழுப்பினார். காலம் என்ற ஆயுதம் இங்கே மழுங்கிப்போகிறது. மாணவர்கள் கதவைத் தட்டும் முறையில் இன்னொரு நன்மையும் உண்டு: விருப்பப் பட்டியலில் பொய் எழுதி எந்த மாணவரும் முன்னேற முடியாது. உள்ளதை உள்ளபடி எழுதுவதே நல்லது. 1998இல் ராத்தும் இலியட் பெரான்சனும் சேர்ந்து மருத்துவர் இணைப்பை இப்படி மாணவர் பக்கமிருந்து தொடங்கும்படி மாற்றி அமைத்தார்கள். 2012இல் ராத்துக்கும் ஷேப்லிக்கும் பொருளியல் நோபல் கிடைத்தது. கேல் அதற்கு நான்காண்டு முன்பே காலமாகிவிட்டார்.

அப்படியானால் நீதிபதிகளுக்கும் இதே மருந்தைக் கொடுத்துவிடலாமே? கேட்கத்தான் செய்தார்கள். ராத்தும் அவருடைய கூட்டாளிகளும் ஆய்வுக்கூடப் பரிசோதனைகளும் கணினிக் கணக்குகளும் செய்து பார்த்தார்கள். தடை கணிதத்தில் இல்லை என்று தெரிந்தது. இணைப்பு முறை நடக்க வேண்டுமானால், மையம் கணக்குப் போடும் முன்பு ஒரு நீதிபதி தொலைபேசியில் கூப்பிட்டு, "பட்டியலில் என்னை முதலில் எழுதுவீர்களா?" என்று கேட்டால், மாணவர் "மன்னிக்க வேண்டும்" என்று சொல்ல முடிய வேண்டும். மருத்துவமனைக்கு அப்படிச் சொல்லலாம். நாளைக்கு எந்த நீதிமன்றத்தில் வாதாடப் போகிறோமோ, எவருடைய ஒரு கடிதம் வாழ்நாள் முழுக்கக் கூட வரப்போகிறதோ, அந்த நீதிபதிக்கு 24 வயது மாணவர் எப்படி மறுப்புச் சொல்வார்? ஆயுள் காலத்துக்கு நியமிக்கப்பட்ட கூட்டாட்சி நீதிபதியை இப்படித்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் யாரும் இல்லை. தீர்ப்பு சொல்லும் சுதந்திரம் அவருக்கு வேண்டும் என்பதற்காகவே அப்படி ஏற்பாடு. அந்தச் சுதந்திரம் ஆள் எடுக்கும் விஷயத்திலும் கூடவே வந்துவிடுகிறது. இரு தரப்பும் சமமாகப் பேச முடியும் இடத்தில்தான் கேல்–ஷேப்லி வேலை செய்யும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறைத்த இடம் இதுதான்.

2018இல் நீதிபதிகள் மறுபடியும் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். இரண்டாமாண்டு மதிப்பெண் வரும்வரை காத்திருப்பது, தந்த அழைப்பைக் குறைந்தது 48 மணி நேரமாவது திறந்துவைப்பது, அந்த நேரத்தில் மாணவர் வேறு நீதிபதிகளைப் பார்க்கத் தடையில்லை. சேருவதும் சேராததும் நீதிபதியின் விருப்பம். 35 நிமிடத்தோடு ஒப்பிட்டால் 48 மணி நேரம் பெரிய மரியாதைதான்.

நம் நாட்டுக்கு வருவோம். கேல்–ஷேப்லி இங்கே ஏற்கெனவே நுழைந்துவிட்டது. 2015 முதல் ஐஐடி, என்ஐடி இடங்களுக்கு நடக்கும் கூட்டுக் கலந்தாய்வு இதே கருத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் விருப்ப வரிசையை உள்ளபடி எழுதுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதற்குப் பின்னால் 1962இன் நிரூபணம் நிற்கிறது.

லா கிளார்க் வேலைக்கு டெல்லி உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போகிறது. விளம்பரம் ஒன்று, தேதி ஒன்று, தேர்வு ஒன்று. முதல் பகுதி சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது; சட்ட அறிவும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனும் அதில் சோதிக்கப்படும். இரண்டாவது பகுதி எழுத்து. மூன்றாவது நேர்காணல். ஒரு மனிதரோடு ஓராண்டு ஒரே அறையில் வேலை செய்யும் பொருத்தத்தை எந்தத் தேர்வும் முழுமையாக அளந்துவிடாது, உண்மைதான். ஆனாலும் இந்த முறையில் யாரும் மாணவரை இரண்டாண்டு முன்பே துண்டு போட்டுப் பிடித்துவைக்க முடியாது. பரிந்துரைக்கப் பேராசிரியர் இல்லாத கல்லூரியிலிருந்தும் ஒருவர் உட்கார்ந்து எழுதலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் மேலானது என்பேன்.

2025 அறிவிப்பில் சுமார் 90 இடங்கள், மாதம் 80,000 ரூபாய், வயது 20 முதல் 32 வரை. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் கடைசி ஆண்டு படிப்பவர்கள் பலர் இது தமக்கில்லை, தேசியச் சட்டப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். ஐந்தாண்டுப் படிப்பின் ஐந்தாமாண்டிலும் மூன்றாண்டுப் படிப்பின் மூன்றாமாண்டிலும் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்றதற்கான சான்றை வேலையில் சேரும் முன் காட்டினால் போதும். தீர்ப்புகளை இணையத் தளங்களில் தேடி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை உச்ச நீதிமன்றத்தின் இலவசத் தளமான இ-எஸ்சிஆரிலேயே பழகிக்கொள்ளலாம். தினம் ஒரு தீர்ப்பை எடுத்து, வழக்கு என்ன, கேள்வி என்ன, விடை என்ன, காரணம் என்ன என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள். எழுத்துப் பகுதிக்கும் அதுதான் பயிற்சி, வேலையும் அதுதான். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, லா கிளார்க்காக இருந்த காலத்தையும் அந்த அனுபவத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது. தேர்வு எழுத டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மையங்களில் சென்னையும் உண்டு.